சென்னைக் கண்ணோயும் அடினோவைரஸும்

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் நம் கல்லூரி விடுதி மாணாக்கன் ஒருவன், விடுமுறைக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரிலுள்ள தன் இல்லத்திற்குச் சென்று மீண்டான். மீண்ட மறுநாட் காலை அவன் இமைகள் பீளையால் ஒட்டியிருந்தன. விழி செம்பருத்திப் பூப்போற் சிவந்திருந்தது. 'மெட்ராஸ் ஐ வந்துவிட்டது' என்று தோழர் நகைத்தனர். பத்து நாள் செல்லுமுன் நகைத்தவர் பலருடைய கண்களும் சிவந்தன.

பின்னர் யாம் வினவியபோது அவன் கூறியது இது. அவன் தந்தையார் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். ஒருநாள் அவருடைய கண் உறுத்திற்று. மண் அகழும் இடமாதலின் தூசி விழுந்ததென்று எண்ணினர். உடன் வேலை செய்பவர் ஒருவர் அன்பினால் தம் தோட்துண்டின் நுனியைக் கொண்டு அத்தூசியை எடுக்க முயன்றார். தூசி ஒன்றும் அகப்படவில்லை. அவரோ அத்துண்டினாலேயே தம் முகத்தையும் துடைத்துக்கொண்டார். எட்டாம் நாள் துண்டுக்குரியவர் கண்ணும் சிவந்தது. வீட்டிலே மகனுக்கும் நோய் தொற்றியது. தூசி என்று நினைத்தது தூசி அன்று.

விடுதியில் நோயுற்றாருள் ஒருவன் மருத்துவரை நாடாது, கடையில் ஒரு சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொண்டான். இரண்டே நாளிற் சிவப்பு மறைந்தது. அவன் மகிழ்ந்து, அதனையே தன் தோழர்க்கும் புகழ்ந்துரைத்தான். மருந்தை நிறுத்தியவுடன் நோய் மீண்டது. சில வாரங்களில் கரும்பலகை எழுத்தும் மங்கலாயிற்று. கண் மருத்துவர் கருவியால் நோக்கி, கருவிழிப் படலத்தில் நாணயம் போன்ற சிறுசிறு புள்ளிகள் விழுந்திருத்தலையும், அவன் இட்டுவந்த மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருத்தலையும் எடுத்துக் காட்டினார். தேர்வை எழுதினான் எனினும், பார்வை முழுதும் தெளிய மாதங்கள் பல சென்றன.

சிறிய நோய் என்று நாம் நகைத்து ஒதுக்கும் ஒன்று, ஓர் இளைஞன் கல்விக்கே இடையூறாய் நின்றமை எம்மைச் சிந்திக்கச் செய்தது. இந்நோய்க்கு முதல் யாது? அஃது எவ்வாறு பரவுகின்றது? 'இஃது இன்ன நோய்' என்று எவ்வாறு துணிவது? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

1. பெயர் வந்த வரலாறு

சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டிலே தோன்றியது. கண்ணிற்கென்றே அமைந்த மருத்துவமனைகளுள் உலகிலேயே மிகப் பழையனவற்றுள் அஃதொன்று. 1918-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையிற் பரவிய ஒரு கண்ணோய் அங்கே கூர்ந்து ஆராயப்பட்டது. அம்மருத்துவமனையைச் சார்ந்த கிர்க்பாட்ரிக் என்பார், கண் சிவந்தபின் கருவிழியிற் புள்ளிகள் தோன்றும் அக்கொள்ளை நோயைப் பற்றி 1920-ஆம் ஆண்டிற் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். இக்காரணத்தால் 'மெட்ராஸ் ஐ' என்னும் பெயர் நாடெங்கும் வழங்கலாயிற்று என்பர். 1996-இல் நகரின் பெயர் சென்னை என்று மாறிய பின்னரும், நோயின் பெயர் மாறவில்லை.

நோய் சென்னைக்கே உரியதன்று. கருவிழிமேற் புள்ளிகள் விழும் இத்தகைய நோயை 1889-இலேயே வியன்னா நகரத்து ஃபுக்ஸ் என்பார் விளக்கியிருந்தார். 1901-இற் பம்பாயில் ஹெர்பர்ட் என்பாரும் எழுதினார். ஆயினும் நோயின் தோற்றத்தைக் கண்டாரேயன்றி அதன் முதலைக் கண்டாரல்லர். என்னை? அக்காலத்து உருப்பெருக்கிகளுக்கு அம்முதல் புலப்படாத நுண்மையுடையதாதலின்.

1941, 1942-ஆம் ஆண்டுகளில், போர் மூண்டிருந்த வேளையில், ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்துக் கப்பற்றளங்களிலும், பின்னர் அமெரிக்க மேற்குக் கரைக் கப்பற்றளங்களிலும் இந்நோய் பல்லாயிரவரைப் பற்றியது. அதனைக் 'கப்பற்றளக் கண்' என்றே அழைத்தனர். அத்தொழிலாளர்க்கு இரும்புத் துகள் கண்ணில் விழுதல் நாள்தோறும் நிகழ்வது. துகளை எடுப்பித்துக்கொள்ள அவர்கள் மருந்தகத்தை அடைந்தனர். அங்கே பலர் கண்ணையும் தொட்ட கைகளும் கருவிகளும் சொட்டு மருந்துப் புட்டிகளுமே நோயைப் பரப்பும் வாயில்களாயின. துகளை நீக்கச் சென்றவர் நோயோடு திரும்பினர். நெய்வேலியில் ஒரு துண்டு செய்த வேலையை, அங்கே மருந்தகத்துக் கருவியே செய்தது எனலாம்.

2. நோய்முதல் வெளிப்பட்டமை

இம்முதலைக் கண்டவர் கண் மருத்துவர் அல்லர். சளி நோயை ஆராய்ந்தவர். 1953-இல் அமெரிக்காவில் ரோ என்பாரும் அவர்தம் துணைவரும், குழந்தைகளுக்கு அறுவை செய்து எடுக்கப்பட்ட அடினாய்டு என்னும் சதையைச் சோதனைக் குழாய்களில் வளர்த்து வந்தனர். மூக்கின் பின்புறத்தே, தொண்டையின் மேற்பகுதியில் உள்ளது அச்சதை. வெளியினின்று யாதொரு கிருமியும் புகுத்தப்படாதிருந்தும், வளர்ந்த அணுக்கள் சின்னாட்களில் தாமே சிதைந்தன. சிதைவிற்குக் காரணம், அச்சதையில் முன்னரே ஒளிந்திருந்த ஒரு வைரஸ் என்று அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டில் ஹில்மன், வெர்னர் என்னும் இருவர், படைப் பயிற்சிக்கு வந்த இளைஞரிடையே பரவிய சுவாச நோயினின்று அவ்வினத்து வைரஸையே பிரித்தெடுத்தனர். அடினாய்டிற் காணப்பட்டமையால் 1956-இல் அதற்கு 'அடினோவைரஸ்' என்னும் பெயர் இடப்பட்டது.

1955-இல் ஜாவெட்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் கப்பற்றளக் கண்ணோயை ஒத்த நோயாளியிடமிருந்து இவ்வினத்து எட்டாம் வகையைப் பிரித்தெடுத்தனர். இவ்வாறாக, வியன்னாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் அறிஞர் கண்ட நோய்க்குரிய முதல் அறுபது ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டது.

இனி, அதன் வடிவத்தைச் சிறிது நோக்குவாம். அடினோவைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 90 நானோமீட்டர். அஃதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் அவற்றுள் 11,000 ஐ வரிசையாய் நிறுத்தலாம். இருபது முக்கோண முகங்களும் பன்னிரண்டு முனைகளும் உடைய கூடு அதற்குண்டு. அக்கூடு 252 புரதக் கட்டிகளால் ஆயது. முனைதோறும் ஓர் இழை நீண்டு நிற்கும். அவ்விழையால் நம் உடலணுவைப் பற்றிக்கொண்டு உட்புகும். கூட்டினுள்ளே இரட்டை இழை டி.என்.ஏ. உள்ளது. மனிதரைப் பற்றுவனவற்றுள் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இதுகாறும் எண்ணப்பட்டுள்ளன. அவை 'ஏ' முதல் 'ஜி' வரை ஏழு இனங்களாக வகுக்கப்பட்டுள்ளன.

ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வைரஸ்கள் சிலவற்றைக் கொழுப்பாலாய மேலுறை ஒன்று போர்த்திருக்கும். சோப்பும் சாராயமும் அவ்வுறையை எளிதிற் கரைக்கும். அடினோவைரஸுக்கு அவ்வுறை இல்லை. ஆதலால் சாராயம் கலந்த கைமருந்து அதனைச் செவ்வனே அழிப்பதில்லை. கதவின் கைப்பிடி, துண்டு, கண்ணாடிச் சட்டம் முதலியவற்றின்மேல் அது பல நாள், சில வேளைகளில் வாரக்கணக்காகவும், வீரியத்துடன் இருக்க வல்லது.

3. இவ்வைரஸால் வரும் நோய்கள்

அடினோவைரஸ் கண்ணை மட்டும் பற்றுவதன்று. அதனால் விளையும் நோய்களுள் முதன்மையானவற்றைத் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, தொண்டை நோவும் சுரமும். குழந்தைகட்கு வரும் சுரங்களுள் ஒரு பகுதி இதனால் வருவதே. தொண்டைச் சதை வீங்கி வெண்படலம் படிதலுமுண்டு. இரண்டாவது, தொண்டை நோவும் சுரமும் கண் சிவப்பும் ஒருங்கே வருவது. மூன்றாம், ஏழாம் வகைகள் இதனைப் பெரும்பாலும் விளைவிக்கும். குளோரின் போதிய அளவு கலவாத நீச்சற் குளங்கள் இதனைப் பரப்புதலால், கோடை விடுமுறையில் நீந்தச் செல்லும் சிறுவரை இது மிகுதியும் பற்றும். மூன்றாவது, கண்ணையும் கருவிழியையும் பற்றும் கொள்ளை நோய். எட்டு, முப்பத்தேழு முதலிய வகைகளால் வரும் இதுவே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நான்காவது, நுரையீரலைப் பற்றும் சளிச்சுரம். பெரும்பாலோர்க்கு இது தானே தணியும். இளங் குழந்தைகட்கோ உயிர்க்கே ஊறு விளைத்தலுமுண்டு. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவிலும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களிலும் குழந்தைகள் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. குழந்தைகள் பலர் உயிர் துறந்தனர். அந்நகரத்திலுள்ள தேசிய ஆய்வு நிறுவனத்தார் சளி மாதிரிகளைச் சோதித்து, ஏழாம் வகையும் மூன்றாம் வகையும் கலந்து பிறந்த ஒரு கலப்பு வகை பெரிதும் பரவியிருத்தலைக் கண்டனர். ஐந்தாவது, குழந்தைகட்கு வரும் வயிற்றுப்போக்கு. நாற்பது, நாற்பத்தொன்று என்னும் வகைகள் இதற்குக் காரணம். ஆறாவது, சிறுநீர்ப்பை அழன்று, நீருடன் இரத்தம் கலந்து போதல். பதினொன்றாம் வகை இதற்குப் பேர்பெற்றது.

இவையன்றி, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றார் முதலிய, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்க்கு இவ்வைரஸ் உடலெங்கும் பரவி ஈரலையும் நுரையீரலையும் கெடுக்கும். ஒருவர்க்கு இரண்டு வாரச் சிவப்பாய் முடியும் நோய், மற்றொருவர்க்கு உயிரையே கவர்வதாயிற்று.

4. நோயைத் துணியும் முறை

இனி, நம் கட்டுரையின் நடுவான பொருளுக்கு வருவாம். சிவந்த கண் ஒன்றைக் காணும்போது, 'இஃது அடினோவைரஸே' என்று எவ்வாறு துணிவது?

முதற்கண் மருத்துவர் செவியாலும் கண்ணாலும் கையாலும் அறிவன உள. எப்பொழுது தொடங்கிற்று? ஒரு கண்ணில் தொடங்கிச் சின்னாளில் மற்றக் கண்ணுக்கும் பரவிற்றா? வீட்டிலோ வேலையிடத்திலோ வேறெவர்க்கேனும் உண்டா? நோய் தொற்றியதற்கும் அது வெளிப்படுதற்கும் இடையே பெரும்பாலும் 5 முதல் 12 நாள் செல்லும். நம் விடுதியிற் பத்து நாள் இடைவெளி காணப்பட்டது இதனோடு ஒத்திருத்தல் காண்க.

பின்னர்க் கண்ணை நோக்க வேண்டும். சீழ்போன்ற தடித்த மஞ்சட் பீளை பாக்டீரியாவைக் குறிக்கும். நீர்போல் வடிதல் வைரஸைக் குறிக்கும். அரிப்பே மிகுந்து இரு கண்ணும் ஒருங்கே சிவத்தல் ஒவ்வாமையைக் குறிக்கும். கீழிமையைத் திருப்பினால், அடினோவைரஸ் நோயில், சவ்வரிசி மணிபோன்ற சிறு கொப்புளங்கள் காணப்படும். செவியின் முன்புறத்தே விரலால் அழுத்தினால் நெறி கட்டியிருத்தலும் நோதலும் புலப்படும். இந்நெறி கட்டுதல் வைரஸுக்கு நல்லதொரு சான்று. தூசியால் உறுத்தும் கண்ணில் இது தோன்றாது. நெய்வேலித் தந்தையாரின் செவிமுன் ஒருவர் விரல் வைத்துப் பார்த்திருப்பின், துண்டை எடுத்திருக்க மாட்டார்.

ஆயினும் இவ்வடையாளங்கள் முற்றும் துணிவு தருவன அல்ல. 1969-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் வேறொரு கண்ணோய் கிளம்பிற்று. அப்பல்லோ 11 திங்களை அடைந்த ஆண்டாதலின் அதற்கு அப்பெயரையே மக்கள் இட்டனர். அது கண்ணில் இரத்தம் கட்டச் செய்வது. என்டெரோவைரஸ் 70 என்பது அதன் முதல். 1970-இற் சிங்கப்பூரிற் காக்ஸாக்கி ஏ24 என்னும் வைரஸின் மாறுபட்ட வகை ஒன்று அதுபோன்ற நோயை விளைவித்தது. 1971-இல் கிழக்கு வங்கத்தினின்று அகதிகள் வந்த காலத்திற் கல்கத்தாவிற் பரவிய கண்ணோயை 'ஜெய் பங்களா' என்று அழைத்தனர். இவை யாவும் தெருவிலே 'மெட்ராஸ் ஐ' என்றே பெயர் பெறுகின்றன. பெயர் ஒன்று, முதலோ பல. ஆதலின் முதலைத் தெளிதற்கு ஆய்வகம் வேண்டும்.

ஆய்வகத்திற்கு வேண்டிய மாதிரியை எடுத்தலே முதற்பணி. கண்ணோயாயின், மெல்லிய பஞ்சுக் குச்சியால் கீழிமையின் உட்புறத்தை ஒற்றி எடுப்பர். தொண்டை நோயாயின் தொண்டையினின்றும், வயிற்றுப்போக்காயின் மலத்தினின்றும், உடலெங்கும் பரவியதாயின் இரத்தத்தினின்றும் எடுப்பர். நோய் தொடங்கிய முதல் வாரத்திலே எடுத்தல் நன்று. அப்போதுதான் வைரஸ் மிகுந்திருக்கும். மாதிரியை அதற்கென்று அமைந்த நீர்மத்தில் இட்டு, பனிக்கட்டிப் பெட்டியிற் குளிர வைத்து, காலம் தாழ்க்காது அனுப்ப வேண்டும். மாதிரி பழுதுபடின், மிக உயர்ந்த ஆய்வகமும் பொய்யே கூறும்.

அம்மாதிரியைச் சோதிக்கும் வழிகள் ஐந்து.

ஒன்று, அணுக்களில் வளர்த்தல். மனித உடலணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து அவற்றின்மேல் மாதிரியை இடுவர். அடினோவைரஸ் இருப்பின், அணுக்கள் உருண்டு திரண்டு திராட்சைக் கொத்துப்போலத் தோன்றும். ரோ கண்ட வழி இதுவே. நெடுங்காலம் இதுவே உரைகல்லாக நின்றது. ஆயின் விடை வரச் சில நாள் முதல் மூன்று வாரம் வரை செல்லும். வயிற்றுப்போக்கை விளைக்கும் நாற்பது, நாற்பத்தொன்றாம் வகைகளோ வழக்கமான அணுக்களில் எளிதில் வளரா.

இரண்டு, வைரஸின் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு தேடுதல். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை இட்டால், வைரஸ் புகுந்த அணுக்கள் உருப்பெருக்கியிற் பச்சையாய் ஒளிரும். இதே முறையில் அமைந்த பட்டைச் சோதனையும் உண்டு. கண்ணீரைத் தொட்டுப் பத்து நிமிடத்தில் விடை காணலாம். அதிற் கோடு தோன்றின் பெரும்பாலும் நம்பலாம். தோன்றாவிடின் நோய் இல்லை என்று கொள்ளுதல் தவறு.

மூன்று, பி.சி.ஆர். என்னும் முறை. கொரோனாக் காலத்தில் இப்பெயரைக் கேளாதார் இலர். வைரஸின் டி.என்.ஏ.-வில், எல்லா வகைக்கும் பொதுவாய் உள்ள ஒரு பகுதியைத் தேர்ந்து, அதனை இரட்டித்து இரட்டித்துப் பெருக்குவர். ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகி, முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேலாகும். ஆதலின் மிகச் சிறிய அளவும் அகப்படும். சில மணி நேரத்தில் விடை கிட்டும். இந்நாளில் உரைகல் இதுவே. இரத்தத்தில் வைரஸின் அளவு ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று வாரந்தோறும் அளந்து, மச்சை மாற்றுப் பெற்றாரைக் காப்பதற்கும் இது பயன்படுகின்றது.

நான்கு, மரபெழுத்துக்களைப் படித்தல். பெருக்கிய டி.என்.ஏ.-வின் எழுத்து வரிசையை வாசித்து, எந்த வகை என்று காண்பர். கொல்கத்தாவிற் கலப்பு வகையைக் காட்டியது இம்முறையே. சென்னையிற் சங்கர நேத்ராலயத்து ஆய்வாளரும், அந்நகரிற் பரவிய கண்ணோயினின்று மாறுபட்ட ஓர் அடினோவைரஸைப் பிரித்தறிந்து 2012-இல் வெளியிட்டனர்.

ஐந்து, இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளத்தல். நோயின் தொடக்கத்தில் ஒருமுறையும், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுமுறையும் எடுத்து ஒப்பிடுவர். நான்கு மடங்கு ஏறியிருப்பின், அண்மையில் நோய் வந்ததென்பது துணிபு. நோயாளி நலமடைந்த பின்னரே விடை வருமாதலின், இது சிகிச்சைக்கன்றி நோயின் பரவலை அறிதற்கே உதவும்.

நம் மாநிலத்திற் கிண்டியிலுள்ள கிங் நிலையமும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் வைரஸ் ஆய்விற் பெயர் பெற்றவை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டில் மருந்தகமாய்த் தொடங்கிய பணியே வளர்ந்து இக்கல்லூரியாயிற்று. 1986-இற் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. உண்டென்று இந்தியாவில் முதன்முதற் கண்டதும் இக்கல்லூரியின் ஆய்வகத்திலேயே.

5. காணப்படுதல் வேறு, காரணமாதல் வேறு

மாணாக்கர் இவ்விடத்திற் கருத்தூன்றல் வேண்டும். சோதனையில் அடினோவைரஸ் காணப்பட்டது என்றால், வந்த நோய்க்கு அதுவே காரணம் என்று கொள்ளலாமா? கூடாது. நோய் தீர்ந்த பின்னரும் இவ்வைரஸ் குழந்தைகளின் தொண்டைச் சதையிலும் குடலிலும் வாரக்கணக்கில், ஒரோவழி மாதக்கணக்கில் தங்கும். ரோ கண்டதும் அங்ஙனம் ஒளிந்திருந்ததையே அன்றோ? ஆதலின், மலத்திலோ தொண்டையிலோ காணப்படின் ஐயத்தோடு நோக்க வேண்டும்; கண், இரத்தம் முதலியவற்றிற் காணப்படின் அச்சான்று வலிமையுடையது.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்றுண்டு. 2022-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஸ்காட்லாந்திலும் பிற நாடுகளிலும், நலமாயிருந்த சிறு குழந்தைகட்குக் காரணம் தெரியாத ஈரல் அழற்சி கண்டது. பலருடைய மாதிரியில் அடினோவைரஸ் நாற்பத்தொன்றாம் வகை காணப்பட்டமையின், அதுவே குற்றவாளி எனப் பலரும் கருதினர். ஆய்ந்து சென்றபோது, அடினோவைரஸின் துணையின்றிப் பெருக இயலாத வேறொரு சிறு வைரஸும் அக்குழந்தைகளிடம் மிகுந்திருந்தது. குழந்தைகளின் பிறவியமைப்பும் நோய்க்கு இடந்தந்தது என்று 2023-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. குற்றம் நிகழ்ந்த இடத்தில் நின்றவனெல்லாம் குற்றவாளி ஆகான். உடன் நின்றவனையும் வினவுதலே நீதி.

6. செய்யத்தக்கன

நெய்வேலியை நினைவு கூர்வாம். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள், 1956-இல் ஒரு பெருநிறுவனத்திற்கும், அதனைச் சூழ்ந்த ஒரு நகரத்திற்கும் வித்தாயிற்று. அங்கே முறை வைத்து இரவும் பகலும் வேலை நடைபெறும். ஒரே பேருந்து, ஒரே உணவுக்கூடம், ஒரே கருவியைப் பலர் கையாளுதல் — இவை தொழில் நகரம் எங்கணும் உள்ளவை. ஆதலால் அத்தகைய இடத்திற் சிவந்த கண்ணைத் தூசி என்று எண்ணி ஒதுக்குதல் ஆகாது. மண் அகழும் பேரியந்திரத்தை ஓட்டுபவன் பார்வை மங்கின், கேடு அவனோடு நில்லாது.

'நோயாளியின் கண்ணைப் பார்த்தால் நோய் ஒட்டும்' என்பது நம் நாட்டு நம்பிக்கை. கறுப்புக் கண்ணாடி அணிவது பிறரைக் காக்க என்றும் பலர் எண்ணுகின்றனர். இது பிழை. பார்வையால் நோய் பரவாது. கையாலும் துண்டாலும் தலையணையாலும் பரவும். கறுப்புக் கண்ணாடி நோயாளிக்குக் கூச்சம் தவிர்க்குமேயன்றிப் பிறர்க்குக் காவலன்று. தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் கண்ணிற் பிழிதலும் தீங்கே. அவற்றோடு வேறு கிருமிகளும் உட்புகும்.

சாதாரண அடினோவைரஸ் கண்ணோயைக் கொல்லும் மருந்து என ஒன்றும் இல்லை. குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியால் ஒற்றுதலும், கண்ணீரை ஒத்த சொட்டு நீரும் துன்பத்தைத் தணிக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸைத் தீண்டாது. ஸ்டீராய்டு மருந்து சிவப்பை மறைக்கும். வைரஸை நெடுநாள் தங்கச் செய்யும். நோய் வேறாயின் கண்ணையே கெடுக்கும். கருவிழியிற் புள்ளி விழுந்து பார்வை மங்கும்போது, கண் மருத்துவர் அளந்து கொடுத்தல் வேறு. கடையில் நாமே வாங்கி இடுதல் வேறு. பார்வை மங்கல், கடும் வலி, ஒளியைக் காண இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரை அடைக.

சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கையை நன்றாகக் கழுவுதல், தன் துண்டும் தலையணையும் தனக்கே ஆக வைத்தல், ஒருவர் சொட்டு மருந்தை மற்றவர் தொடாதிருத்தல், கைப்பிடிகளைக் குளோரின் கலந்த நீராற் துடைத்தல், ஏறக்குறைய இரண்டு வாரம் நீச்சற் குளத்தையும் நெருங்கிய கூட்டத்தையும் தவிர்த்தல் — காப்பு முறைகள் இவ்வளவே. இவற்றுள் பொருட்செலவு உடையது ஒன்றுமில்லை.

முடிவுரை

படைவீரர்க்கென நான்காம், ஏழாம் வகைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து ஒன்று 1971 முதல் அமெரிக்காவில் வழங்கிற்று. இடையே 1999-இல் அது தீர்ந்துபோகவே, முகாம்களில் நோய் மீண்டும் தலையெடுத்தது. 2011-இல் மறுபடி வழங்கலாயினர். பொதுமக்கட்கு அத்தகைய தடுப்பு மருந்து இல்லை. ஆயின், வியக்கத்தக்க செய்தி ஒன்றைக் கூறி முடிப்பாம். 2021-ஆம் ஆண்டு முதல் நம்மவர் கோடிக்கணக்கானோர் இட்டுக்கொண்ட கோவிஷீல்டு என்னும் கொரோனாத் தடுப்பூசி, சிம்பன்ஸிக் குரங்கின் அடினோவைரஸ் ஒன்றைப் பெருகாவண்ணம் அடக்கி, அதனையே மருந்தைச் சுமக்கும் வாகனமாய் ஆக்கியது. செவ்வனே அறிந்தபின், பகையாய் இருந்ததும் பணியாளாய் ஆயிற்று.

அறியாமையோ ஒரு துண்டையும் நோயின் வாகனமாக்கிவிடுகின்றது. தன் தோழன் கண்ணில் தூசி விழுந்ததென்று எண்ணித் துண்டை நீட்டியவர் அன்புடையவரே. அவர்க்குக் குறைந்தது அறிவொன்றே. அவ்வறிவை இக்கல்லூரியிற் பெற்ற நம் மாணாக்கர், விடுமுறைக்கு வீடு செல்லும்போது அதனையும் உடன்கொண்டு செல்வாராக. அடுத்த மாரிக்காலம் வருமுன், அந்நெய்வேலி மாணாக்கன் தன் தந்தையாரோடு வேலை செய்பவர்க்கு இச்செய்தியை எடுத்துரைப்பதாக எம்மிடம் கூறினான். அஃதொன்றே இக்கட்டுரைக்குப் போதிய பயன் என்று கருதுகின்றோம்.